1864-லேயே கல்லூரி இருந்தும் ஏன் இத்தனை தாமதம்?

கேள்வி:
வாஷிங்டனில் காது கேளாதோர் கல்லூரிக்கு (இன்றைய கேலடெட்) பட்டம் வழங்கும் உரிமையை 1864-லேயே லிங்கன் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டார். அப்புறமும் மற்ற அமெரிக்கக் கல்லூரிகளின் கதவு திறக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆனது ஏன்? காது கேளாதோர் கல்வி பற்றிய 1880 மிலான் மாநாடுதான் காரணமா?

பதில் 1:
பாதிக் காரணம். மிலான் தீர்மானம் நேராக அடித்தது பள்ளிகளை. சைகை வேண்டாம், உதட்டசைவும் பேச்சும் போதும் என்றார்கள். வாஷிங்டன் கல்லூரியின் தலைவர் எட்வர்ட் மைனர் கேலடெட் அங்கேயே எதிர்த்தார், அவருடைய கல்லூரியும் சைகையை விடவில்லை. ஆனால் 1891-ல் அதே வளாகத்தில் தொடங்கிய ஆசிரியர் பயிற்சியில் காது கேளாதவர்களுக்கு இடமில்லை! சைகைக்கும் மொழிக்கான கட்டமைப்பு உண்டு என்று 1960-ல் அந்தக் கல்லூரியின் ஆசிரியர் வில்லியம் ஸ்டோக்கி எழுதியபோது சக ஆசிரியர்களே சிரித்தார்கள். காது கேளாத ஒருவர் அங்கே தலைவராக 1988 வரை, அதுவும் ஒரு வாரப் போராட்டம், தேவைப்பட்டது.

பதில் 2:
கதவைத் திறந்தது சட்டம். 1968-ல் ராச்செஸ்டரில் காது கேளாதோருக்கான தேசியத் தொழில்நுட்ப நிறுவனம் முதல் மாணவர்களைச் சேர்த்தது. கேட்கும் மாணவர்களோடு ஒரே வகுப்பு, பக்கத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர். 1973 மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு, மத்திய அரசின் பணம் பெறும் எந்தக் கல்லூரியும் மாற்றுத்திறனாளிகளிடம் பாகுபாடு காட்டக்கூடாது என்றது. அதற்கான விதிகள் வரவே 1977 ஆகிவிட்டது, அதுவும் உள்ளிருப்புப் போராட்டத்துக்குப் பிறகு. 1979-ல் காது சரியாகக் கேளாத ஒருவரின் செவிலியர் படிப்பு வழக்கு ஒன்றில், பாடத்திட்டத்தையே பெரிதாக மாற்றக் கல்லூரி கடமைப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

கேள்வி கேட்டவர்:
மொழிபெயர்ப்பாளர் வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

பதில் 3:
இல்லை. கண் ஒன்றுதானே! சைகையைப் பார்த்தால் குறிப்பெடுக்க முடியாது, பலகையைப் பார்த்தால் சைகை போய்விடும். அதனால் குறிப்பெடுக்க வேறு ஆள் வேண்டும். நீண்ட வகுப்பு என்றால் மொழிபெயர்ப்பாளர் இருவர், சுமார் 20 நிமிஷத்துக்கு ஒருமுறை மாறி மாறி. தனியாகச் செய்தால் களைப்பில் வாக்கியங்கள் விடுபடும். கலைச்சொல் பட்டியலை முன்கூட்டியே கொடுக்காவிட்டால் ஒவ்வொன்றையும் எழுத்தெழுத்தாக விரலில் காட்டவேண்டியிருக்கும், பேச்சு அதற்குள் முன்னே ஓடிவிடும். படம் போட விளக்கை அணைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. மொழிபெயர்ப்பாளர் மேல் மட்டும் ஒரு விளக்கை விட்டுவைக்கவேண்டும். பேச்சை உடனுக்குடன் திரையில் எழுத்தாகக் காட்டும் நேரடி எழுத்துரை நல்லதுதான், ஆனால் சில நொடி பின்தங்கும். ஆசிரியர் கேள்வி கேட்டதும் மற்றவர்கள் கை தூக்கிவிடுவார்கள். கேள்வி கேட்டபின் ஐந்து நொடி நிறுத்தச் சொல்லுங்கள்.