மாருதி ஈகோவின் பின் சீட்டைக் கழற்றி ஓட்டலாமா?

ராயக்கோட்டை ரோஜா:
வணக்கம். எங்களிடம் இருப்பது மாருதி ஈகோ, ஐந்து சீட், வெள்ளை போர்டு. அப்பாவுக்கு ராயக்கோட்டைப் பக்கம் பூத்தோட்டம். விடியற்காலையில் பறிக்கிற பூவை ஓசூர் மார்க்கெட்டுக்கு இந்த வண்டியில்தான் கொண்டு போகிறோம். பின் சீட்டின் மேலேயே அடுக்குவதால் மூட்டை சரிந்து, அடியில் இருக்கிற பூ நசுங்கிக் கறுத்துவிடுகிறது. சீட்டைக் கழற்றினால் தரை சமமாகக் கிடைக்கும். அரை மணி நேர வேலைதான் என்கிறார் மெக்கானிக். ஆனால் தெரிந்தவர் ஒருவர், சீட் இல்லாமல் ஓட்டினால் வண்டியைப் பிடித்து வைப்பார்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். அதிலிருந்து அவருக்குத் தூக்கமே இல்லை. சட்டம் என்னதான் சொல்கிறது?

பட்டறை மணி:
தம்பி, அப்பாவைப் பயப்படாமல் இருக்கச் சொல்லுங்கள். 22 வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுதான் எல்லோரும் காட்டுவது. அதே பிரிவில் 'மாற்றம்' என்றால் என்ன என்ற விளக்கமும் இருக்கிறது: வண்டியின் அமைப்பையே மாற்றி, அதனால் அதன் அடிப்படைத் தன்மை மாறிப்போக வேண்டும். போல்ட்டைக் கழற்றி எடுத்து, சாயங்காலம் திரும்ப மாட்டுகிற சீட் எப்படி அமைப்பு மாற்றமாகும்? சேஸியை வெட்டினோமா, வெல்டிங் வைத்தோமா? ஆர்.சி.யில் ஐந்து பேர் என்று இருந்தால் அதற்கு மேல் ஏற்றக் கூடாது, அவ்வளவுதான். ஒருவர் மட்டும் போனால் குற்றமா?

கிளெய்ம் டெஸ்க்:
மணி அண்ணா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் பிரிவின் தொடக்கத்தை விட்டுவிட்டு விளக்கத்தை மட்டும் படிக்கிறீர்கள். தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்ததற்கு ஆர்.சி. விவரங்கள் முரண்படும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்பதுதான் 52(1). இருக்கை எண்ணிக்கை ஆர்.சி.யில் இருக்கிற விவரம்தானே? 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவைக் கறாராகத்தான் படித்தது. அதே வருஷத் திருத்தத்தில் 182ஏ(4) வந்தது: அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

நான் இன்சூரன்ஸ் சர்வே வேலையில் இருப்பவன். திண்டிவனம் தாண்டி விபத்தான ஒரு மாருதி ஆம்னி வேனைப் பார்க்கப் போனேன். சமையல் காண்டிராக்ட் வண்டி, பின் சீட் இல்லை. முன்னால் போன லாரி பிரேக் போட, இவர்களும் போட்டிருக்கிறார்கள். இடித்த வேகம் பெரிதில்லை, முன்பக்கம் பம்பர்தான் நசுங்கியிருந்தது. ஆனால் பின்னால் இருந்த அண்டா வழுக்கி வந்து டிரைவர் சீட்டின் முதுகை மடக்கிவிட்டது. சீட் பெல்ட் போட்டிருந்தும் அந்தப் பையனுக்கு முதுகெலும்பில் அடி. பின் சீட் என்பது உட்கார மட்டும் இல்லை, சரக்கைத் தடுக்கிற சுவரும் அதுதான். ஐ.நா.வின் ஆர்17 விதியில், பின் சீட் சாய்மானத்துக்குப் பின்னால் தலா 18 கிலோவில் இரண்டு கட்டைகளை வைத்து, 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதும் அதிர்ச்சியைக் கொடுத்து, சாய்மானம் தாங்குகிறதா என்று சோதிப்பார்கள்.

பட்டறை மணி:
அந்தப் பையன் கதை மனதைப் பிசைகிறது. மறுக்கவில்லை. ஆனால் அது சரக்கைக் கட்டாததால் வந்தது. கயிறு போட்டுக் கட்டியிருந்தால்? சட்டத்துக்கு வருவோம். ரெனோ டிரைபர் 2019இலிருந்து ஓடுகிறது. மூன்றாவது வரிசை சீட்டைக் கையாலேயே கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம், கம்பெனியே அதைச் சொல்லி விற்கிறது. ஏழு பேர் என்று ஆர்.சி. உள்ள அந்த வண்டியில் ஐந்து சீட்டோடு ஓட்டுகிறவர்கள் எல்லோரும் குற்றவாளிகளா?

கிளெய்ம் டெஸ்க்:
இல்லை. அந்த சீட் கழற்றுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டு, அப்படியே ஒப்புதலும் பெற்றது. தயாரிப்பாளர் சொன்னபடிதான் வண்டி இருக்கிறது. ஈகோவின் பின் சீட் அப்படியா?

இன்னொன்று. ரோஜா தம்பிக்கு உண்மையான சிக்கல் சீட்டே இல்லை. பிரிவு 2(14)ஐப் பாருங்கள். சரக்குக்கென்று கட்டப்படாத வண்டியாக இருந்தாலும், சரக்கு ஏற்றப் பயன்படுத்தினால் அது சரக்கு வாகனம். சீட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படித்தான்.

பட்டறை மணி:
அதற்கு முந்தைய உட்பிரிவையும் சொல்லுங்கள். 2(13)இல் காரில் கொண்டு போகிற சொந்தப் பொருட்கள் சரக்கில் சேராது என்று இருக்கிறது. தன் தோட்டத்துப் பூ சொந்தப் பொருள்தானே?

கிளெய்ம் டெஸ்க்:
வீட்டுக்கு எடுத்துப் போனால் சொந்தப் பொருள். விற்கத் தினமும் மூட்டை மூட்டையாகப் போனால் அப்படிச் சொல்ல முடியாது அண்ணா. விபத்து என்று வந்தால் சொந்த உபயோக வண்டிக்கான பாலிசியில் இதுதான் முதல் கேள்வி. நிபந்தனை மீறல் என்று கிளெய்மை மறுப்பார்கள், இல்லையென்றால் 'நான்-ஸ்டாண்டர்ட்' என்று தொகையைக் குறைத்துக் கொடுப்பார்கள். கடன் வாங்கி வண்டி எடுத்த குடும்பங்கள் அப்போதுதான் உடைந்து போகின்றன. வாரம் ஒன்றாவது பார்க்கிறேன். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

சக்கர நாற்காலி வீடு:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் அம்மா நடக்க முடியாதவர். எங்கள் வண்டியில் பின் சீட்டை எடுத்துவிட்டு, சக்கர நாற்காலியோடு ஏற்றச் சாய்தளம் வைத்திருக்கிறோம். உடல் குறைபாடு உள்ளவருக்காக வண்டியை மாற்றிக்கொள்ள 52(2) இடம் தருகிறது, ஆனால் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். அலுவலகத்துக்கு மூன்று நடை ஆனது. பரவாயில்லை, ஆர்.சி.யில் இருக்கை எண்ணிக்கையைத் திருத்தி வாங்கி, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டோம். இப்போது செக்கிங்கில் நிறுத்தினால் அம்மா கண்ணாடியை இறக்கி அவரே ஆர்.சி.யை நீட்டுகிறார். மணி அண்ணா, சட்டமே வழிவிடுகிற எங்களுக்கே ஒப்புதல் தேவை என்றால், மற்றவர்களுக்கு ஒன்றுமே வேண்டாம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

பட்டறை மணி:
அம்மா நலமாக இருக்கட்டும். நீங்கள் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. தினமும் சீட் இல்லாமல் ஓட்டுவதென்றால் ஆர்.சி. திருத்தம் வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். வீடு மாற்ற ஒரு நாள் கழற்றுபவரைக் குற்றவாளி என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ராயக்கோட்டை ரோஜா:
எல்லோருக்கும் நன்றி. அப்படியானால் சரக்குக்கென்றே வருகிற ஈகோ கார்கோ வாங்கி மஞ்சள் போர்டு போடுவதுதான் வழியா? பெர்மிட், பேட்ஜ் என்று நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.

கிளெய்ம் டெஸ்க்:
மலைக்க வேண்டாம். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட்டிலிருந்து 66(3)இல் விலக்கு இருக்கிறது. 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியைச் சாதாரண எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றும் வரியும் கூடுதலாக வரும். எஃப்.சி. முதல் எட்டு வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அப்புறம் வருஷா வருஷம்.

பட்டறை மணி:
கார்கோ வரும் வரைக்கும் சீட் அப்படியே இருக்கட்டும் தம்பி. சாய்மானத்துக்கு மேலே போகாமல் அடுக்குங்கள், மூட்டைக்குப் பதில் பிளாஸ்டிக் கிரேட் வாங்குங்கள். ஒன்றின் மேல் ஒன்று வைத்தாலும் பூ நசுங்காது.