இன்டர்வெல் எங்க வருது?

2016-ல் முதல் முறையாக ஒரு சினிமா தயாரிப்பு நிறுவனத்தில் கதை சொல்லப் போனேன். சாலிகிராமத்தில் ஒரு மாடி அறை, எதிரே தயாரிப்பாளரும் மேனேஜரும். இருபது நிமிடம் நாயகனின் ஊர், வாய்க்கால், அப்பாவின் சைக்கிள் கடை என்று சொல்லிக்கொண்டே போனேன். தயாரிப்பாளர் பொறுமையாகத்தான் கேட்டார். அப்புறம் ஒரே கேள்வி: "தம்பி, இன்டர்வெல் எங்க வருது?" என்னிடம் பதில் இல்லை.

அதன்பிறகு ஒரு மூத்த வசனகர்த்தாவின் கதை டிஸ்கஷனில் ஓர் ஆண்டு உட்கார்ந்தேன். என் படிப்பு அதுதான். தாளை நீளவாக்கில் மடித்து, இடது பக்கம் காட்சி, வலது பக்கம் வசனம் எழுதும் பழைய முறைக்காரர். ஆனால் வசனத்தைத் தொடவே விடமாட்டார், முதலில் ஒன்லைன். காட்சிக்கு ஒரு வரி, மொத்தம் அறுபது எழுபது வரி. "இந்த சீன்ல யாருக்கு என்ன மாறுது?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்பார். மாறவில்லை என்றால் கோடு விழும். சைக்கிள் கடையை வர்ணித்த நான்கு காட்சிகளும் அப்படித்தான் போயின. ரொம்ப வலித்தது. கடையை அப்பா விற்கிற ஒரு காட்சி மட்டும் நின்றது. அதுவே இடைவேளை ஆனது.

திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் கதையைப் பதிவு செய்ய வைத்ததும் அவர்தான். பதிப்புரிமை கதைக்கருவுக்குக் கிடையாது, எழுதிய வடிவத்துக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் 1978-லேயே சொல்லிவிட்டது. அதனால் முழு ஸ்கிரிப்டாகக் கொடு என்றார்.

அடுத்து ஒரு நிறுவனத்துக்குக் கதை பிடித்தது. 25,000 ரூபாய் அட்வான்ஸ், ஒரு பக்க ஒப்பந்தம். கையெழுத்துப் போடும் அவசரத்தில் இருந்தேன். வசனகர்த்தா அதை வாங்கிப் படித்துவிட்டு, "எக்காலத்துக்கும்" என்ற சொல்லில் விரலை வைத்தார். கால அளவு எதுவும் எழுதாமல் விட்டால், கதை உரிமை அவர்களுக்குச் சட்டப்படி 5 ஆண்டுதான். வாங்கிய உரிமையை ஓர் ஆண்டுக்குள் பயன்படுத்தாவிட்டாலும் அது காலாவதியாகிவிடும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர. அந்த ஒரு சொல் முதல் வழியை அடைத்துவிடுகிறது, இரண்டாவதிலும் சிக்கலை உண்டாக்கலாம் என்றார். மாற்றச் சொல்லிக் கேட்கவே பயமாக இருந்தது. கேட்டேன். முகம் சுளித்தார்கள், ஆனாலும் 18 மாதம் என்று திருத்திக் கொடுத்தார்கள்.

படம் தொடங்கவே இல்லை. 18 மாதம் முடிந்ததும் கதை என்னிடம் வந்தது. போன வாரம் வேறோர் இடத்தில் சொன்னேன். கடையை விற்கும் காட்சி வந்தபோது எதிரே இருந்தவர் போனைக் கவிழ்த்து வைத்தார். பதில் இன்னும் வரவில்லை.