வீட்டுக் கம்ப்யூட்டரில் மிடி பாட்டு: மனதில் நிற்கும் ஒரு அனுபவம் இருந்தால் எழுதுங்கள் (குமரி மாவட்டம்)

வடசேரிச் சந்தை

ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது, யாரிடமாவது கேட்டுவிட வேண்டும். 1990-களின் கடைசி. எங்கள் வீட்டில் அசெம்பிள் செய்த பென்டியம், அதில் இருப்பதிலேயே விலை குறைந்த சவுண்டு கார்டு. ஒரு பிளாப்பி நிறைய மிடி கோப்புகள், அதாவது கம்ப்யூட்டரே வாத்தியம் வாசிக்கும் பாட்டுக் கோப்புகள், எல்லாம் 30 கேபி, 40 கேபி. வயலின் கூட்டம் வரவேண்டிய இடத்தில் மீன்காரர் சைக்கிளில் அமுக்கும் ஹார்ன்தான் கேட்கும். மிடி என்றாலே அப்படித்தான் போல என்று இருந்துவிட்டோம்.

பார்வதிபுரத்தில் அத்தான் வீட்டுக்குப் போனபோது அதே பிளாப்பியை அவர் மெஷினில் போட்டார். மஸ்கட்டில் இருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டர், உள்ளே சவுண்ட் பிளாஸ்டர் ஏடபிள்யூஇ 32 என்ற சவுண்டு கார்டு. வயலின்கள் பைய எழும்பி வந்தன பாருங்கள், அக்கா அடுக்களையில் இருந்து கரண்டியும் கையுமாக வந்து “யாருக்க கேசட் இது?” என்று கேட்டாள். அத்தான் ஒன்றும் சொல்லாமல் சத்தத்தைக் கூட்டினார்.

அந்தக் கோப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த வயலின்தான் எந்த கம்ப்யூட்டரிலும் வரமாட்டேன் என்கிறது. அத்தான் மெஷின் ஆக்கர் (பழைய இரும்பு) கடைக்குப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

கருங்கல்காரன்

என் கதை வேறு. 2012, கரண்ட் வருவதும் போவதுமாக இருந்த காலம். யுபிஎஸ் வைக்க வசதி இல்லை. கம்ப்யூட்டரில் இருந்து யுஎஸ்பி மிடி கேபிள் போட்டு கீபோர்டில் வாசிக்கவிடுவேன், கம்ப்யூட்டர் ஸ்பீக்கரைவிட அதில் கேட்கக் கொள்ளாம். கீபோர்டின் அடாப்டர் புகைந்துபோய்விட்டதால் அது பேட்டரியில் ஓடியது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சாயங்கால ஜெபத்துக்கு கீர்த்தனை ஒன்றைப் போட்டேன், வாத்தியம் மிடியில் 20-ஆம் நம்பர், சர்ச் ஆர்கன். பாதிப் பாட்டில் கரண்ட் போனது. கம்ப்யூட்டர் செத்தது, ஃபேன் நின்றது, வீடே இருட்டு. கீபோர்டில் மட்டும் ஒரு சுரம் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. விரலை எடு என்று சொல்ல வேண்டிய கம்ப்யூட்டர்தான் போய்விட்டதே. பியானோ என்றால் தானாகத் தேய்ந்து நின்றிருக்கும். ஆர்கன் நிற்காது.

தடவிப்போய் சுவிட்சை அணைக்கப் பார்த்தேன். அதற்குள் பாட்டி அந்தச் சுரத்தையே சுருதியாகப் பிடித்து அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டார். ஜெபத்துக்கு வந்திருந்த அடுத்த வீட்டு அத்தையும் சேர்ந்துகொண்டார். நான் கையை எடுத்துக்கொண்டேன். மூன்று சரணம், மெழுகுவர்த்திகூட ஏற்றவில்லை. நன்றாகப் பாடினார்களா என்றால், அத்தை எப்போதும்போல முந்திக்கொண்டுதான் போனார்.

தக்கலை மின்பணி

இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

வடசேரி அண்ணே, உங்கள் கோப்பில் கோளாறே இல்லை. மிடி கோப்புக்குள் சத்தம் கிடையாது. ‘இந்தச் சேனலில் இந்தச் சுரத்தை இவ்வளவு அழுத்து, இப்போது விடு’ என்ற கட்டளைகள்தான் (சேனல் என்றால் ஒரு வாத்தியத்துக்கான தனி வழி), அதனால்தான் 40 கேபியில் முழுப் பாட்டும் அடங்குகிறது. வாத்தியம் எல்லாம் வாசிக்கிற கருவியின் பொறுப்பு. 1991-ல் வந்த ஜெனரல் மிடி என்ற பொது விதி 128 வாத்தியங்களுக்கு நம்பர் போட்டுக் கொடுத்தது. 49 என்றால் வயலின் கூட்டம். அந்த 49 எப்படிக் கேட்க வேண்டும் என்பதை கார்டு செய்பவன் தலையில் விட்டுவிட்டது. உங்கள் கார்டில் எஃப்எம் சிப் இருந்திருக்கும், அது ஒரு அலையால் இன்னொரு அலையை அசைத்து வயலின் போல ஒன்றை உண்டாக்கப் பார்க்கும். அத்தான் கார்டில் 1 எம்பி சிப் ஒன்றில் நிஜ வாத்தியங்களின் பதிவு இருந்தது. 1994-ல் அது பெரிய விஷயம். இப்போது விண்டோஸில் நீங்கள் கேட்பது அதற்குள்ளேயே வரும் ஜிஎம்.டிஎல்எஸ் என்ற கோப்பின் வாத்தியங்கள், மொத்தமே மூன்றரை எம்பிகூட வராது.

செய்ய வேண்டியது: நல்ல சவுண்ட்ஃபான்ட் ஒன்றை இறக்குங்கள், வாத்தியங்களின் பதிவு அடங்கிய கோப்பு அது, பெயர் எஸ்எஃப்2 என்று முடியும். ஃப்ளூயிட்ஆர்3 போன்றவை 100 எம்பிக்கு மேல் இருக்கும். விர்ச்சுவல்மிடிசிந்த் என்ற மென்பொருளைப் போட்டு அதில் அந்தக் கோப்பைச் சேர்த்துவிடுங்கள். விண்டோஸ் விஸ்டாவில் இருந்து கன்ட்ரோல் பேனலில் மிடி கருவியைத் தேர்வு செய்யும் இடத்தை எடுத்துவிட்டார்கள், அதனால் மிடி கருவியைத் தேர்வு செய்யவிடும் பிளேயர் ஒன்றில், அதன் அமைப்பில் இதைத் தேர்வு செய்ய வேண்டும். அவ்வளவு வேண்டாம் என்றால் மியூஸ்ஸ்கோர் என்ற இசை எழுதும் மென்பொருளில் கோப்பைத் திறந்து கேளுங்கள், இலவசம்தான். பழைய கோப்பு என்றால் இன்னொன்றையும் பாருங்கள். விண்டோஸ் 3.1 காலத்தில் சிலர் ஒரே பாட்டை இரண்டு தடவை எழுதிவைப்பார்கள். நல்ல கார்டுக்கு 1 முதல் 10 வரையுள்ள சேனல்கள், சாதா கார்டுக்கு 13 முதல் 16 வரை. இரண்டும் சேர்ந்து ஒலித்தால் டிரம்ஸ் சத்தத்தோடு 16-ஆம் சேனலில் பியானோ கண்டபடி இடிக்கும். 13 முதல் 16 வரை ஊமையாக்குங்கள். எனக்கு அப்படி ஒரு கோப்பு மாட்டியது, அவ்வளவுதான் என் அனுபவம்.

கருங்கல் தம்பி, நீங்கள் சொல்வது நடக்காது. மிடியில் ஆக்டிவ் சென்சிங் என்று ஒன்று உண்டு. இணைப்பு அறுந்தால் 300 மில்லி விநாடியில் கீபோர்டு தானே எல்லாச் சுரத்தையும் நிறுத்திவிட வேண்டும்.

கருங்கல்காரன்

நடந்ததை நடக்காது என்கிறீர்களே அண்ணே. ஆக்டிவ் சென்சிங்கை அனுப்புவது கட்டாயம் இல்லை. அனுப்புகிற பக்கம் முதலில் அதை ஒரு தடவையாவது அனுப்பியிருந்தால்தான் கீபோர்டு அதை எதிர்பார்க்கவே தொடங்கும். கம்ப்யூட்டர் பிளேயர்கள் பெரும்பாலும் அதை அனுப்புவதில்லை, என் பிளேயரும் அனுப்பவில்லை. பாட்டியைக் கேட்டுச் சொல்லட்டுமா?

குளச்சல் கரை

நீங்கள் பேசுகிற அளவுக்கு எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு முதல் பாலிஃபோனிக் போன் வாங்கிக்கொடுத்தபோது அவருக்குப் பிடித்த பாட்டின் மிடியை கம்ப்யூட்டரில் கேட்டுப் பார்த்து, போனில் ஏற்றிக்கொடுத்தேன். கம்ப்யூட்டரில் அருமையாக இருந்தது. அந்தப் போனுக்கு ஒரே நேரத்தில் நாலு சுரத்துக்கு மேல் வராது. எப்படியோ மெட்டு அடிபட்டுப்போய் பேஸும் தாளமும் மட்டும் மிஞ்சியது. மாற்றித் தருகிறேன் என்றால் விடவில்லை. லேலத்தில் (ஏலத்தில்) பத்துப் பேர் போன் ஒன்றாக அடித்தாலும் தன்னுடையது தனியாகத் தெரியும் என்றார். போன் போகும்வரை அதேதான். மெட்டே இல்லாத அந்தப் பாட்டை வீட்டில் எல்லோரும் முணுமுணுப்போம்.

சுசீந்திரம் தெப்பக்குளம்

தக்கலை சார் சொல்வது எல்லாம் சரி, ஆனால் சவுண்ட்ஃபான்ட் மாற்றினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். தீராது.

ஜெனரல் மிடியில் நாகஸ்வரம் இல்லை. கிட்டத்தட்ட என்று சொன்னால் 112, ஷெனாய். நான் அதை வைத்து ஒரு சின்ன ஆலாபனை எழுதினேன். கமகத்துக்கு, அதாவது சுரத்தை அசைப்பதற்கு, சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் கட்டளைதான் வழி. வழக்கமாக மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம்தான் வளையும். நீண்ட ஜாரு (ஒரு சுரத்தில் இருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப்போவது) வேண்டும் என்று அதை 12 ஆக்கச் சொல்லும் கட்டளையை முதலில் வைத்தேன். என் கம்ப்யூட்டரில் ஒழுங்காகப் போனது. நண்பன் வீட்டுப் பிளேயர் அந்தக் கட்டளையைக் கண்டுகொள்ளவே இல்லை, ஜாரு ஆறில் ஒரு பங்காகச் சுருங்கி, பஞ்சமத்துக்குப் போக வேண்டியது கிளம்பின இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றது. அது போகட்டும்.

எங்கள் தெருவில் நாகஸ்வரம் வாசிக்கும் மாமா ஒருவர் இருந்தார். இரவல் வாங்கிய நல்ல சவுண்ட்ஃபான்டோடு, என் கம்ப்யூட்டரிலேயே, அவரை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். ஒரு நிமிஷம் போனது. கண்ணைத் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “இவன் எங்கே மூச்சு வாங்குகான்?”

சத்தத்தைப் பற்றியோ கமகத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. அன்று ராத்திரி கோப்பைத் திறந்து, ஒவ்வொரு நீண்ட பிடிக்கும் பிறகு கொஞ்சம் இடம் விட்டேன். எங்கே விட வேண்டும் என்பதற்கு, நானே மூச்சைப் பிடித்துப் பாடிப் பார்த்தேன். எனக்கு மூச்சு முட்டும் இடத்தில் எல்லாம் இடைவெளி. மறுபடி கேட்டபோது மாமா, “இப்பம் ஆளு உட்காந்திருக்கான்” என்றார். அதற்கு மேல் பாராட்டு அவரிடம் கிடைக்காது. சவுண்ட்ஃபான்ட் அதேதான், ஒன்றும் மாற்றவில்லை, தக்கலை சார் கவனிக்கவும்.

தக்கலை மின்பணி

மூச்சு விடுவதும் ஆலாபனையும் உங்கள் வேலை, நான் கருவியைப் பற்றிப் பேசினேன். கருங்கல் தம்பி சொன்னதைத் தேடிப் பார்த்தேன், அனுப்புவது கட்டாயம் இல்லை என்பது சரிதான். ஆனாலும் அடாப்டர் வாங்குங்கள். வாங்கும்போது வோல்ட்டும், பின்னின் நடுவில் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்பதும் பார்த்து வாங்க வேண்டும், மாற்றிப் போட்டால் கீபோர்டே போய்விடும். கீபோர்டுக்கு அடியில் படம் போட்டிருக்கும்.

மார்த்தாண்டம் தேனீ

2012-ல் போன அடாப்டருக்கு இப்போது யோசனை! சரி, என்னுடையது.

கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸுக்கு ஜீப்பில் லேப்டாப், ஆம்ப்ளிஃபையர், பேட்டரி. பாட்டுக்கெல்லாம் மிடி வைத்து, அதற்கு மேலே பிள்ளைகள் பாடுவார்கள். பெண்களுக்கு சுருதி உயரம் என்று சொன்னதால் எங்கள் கொயர் தம்பி ஒரு பாட்டு முழுவதையும் இரண்டு அரைச்சுரம் இறக்கிவைத்தான். முழுவதையும் என்றால் 10-ஆம் சேனலையும் சேர்த்து. அது தாளத்துக்கான சேனல், அதில் சுரம் என்பதே கிடையாது, ஒவ்வொரு நம்பரும் ஒரு தாளக் கருவி. 36 என்றால் பேஸ் டிரம், 38 என்றால் ஸ்நேர், 42 என்றால் மூடிய ஹைஹேட். இரண்டு இறக்கினால் ஸ்நேர் விழ வேண்டிய இடத்தில் பேஸ் டிரம் விழும், டிக் டிக் என்று ஓட வேண்டிய ஹைஹேட் எல்லாம் 40-க்கு வந்து படபடவென்று ஸ்நேராக அடிக்கும். பழைய பேஸ் டிரம் 34-க்குப் போனது, அங்கே ஜெனரல் மிடியில் ஒன்றுமே இல்லை.

முதல் வீட்டு முற்றத்தில் போட்டதும் பாஸ்டர் திரும்பி ஜீப்பைப் பார்த்தார். பாதிப் பாட்டில் நிறுத்த முடியாது, பிள்ளைகள் பாடத் தொடங்கிவிட்டார்கள். அந்த வீட்டுச் சின்னப் பையன் ஒருத்தன் படி இறங்கி வந்து அந்த அடிக்கு ஆடினான் பாருங்கள், அவன் அம்மா பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. அடுத்த வீட்டிலும் அதையே போடச் சொன்னார்கள். விடிகாலைவரை அதே தாளம்தான்.

மறுவருஷம் தம்பி 10-ஆம் சேனலைத் தொடாமல் ஒழுங்காக இறக்கிக்கொண்டு வந்தான். மூன்றாவது வீட்டில் ஒரு பாட்டா, “போன வருஷம் ஒரு அடி அடிச்சியளே, அது எங்க?” என்று கேட்டார். பழைய கோப்பு லேப்டாப்பிலேயே கிடந்தது, போட்டுவிட்டோம்.