சாதாரண காற்றுல 60 மீட்டர் டைவ் போகணும்னு நிக்கிற தம்பிகிட்ட பேச ஒருத்தர் வேணும்

வணக்கம். நாங்க காட்பாடி. என் தம்பி புதுச்சேரியில ஸ்கூபா கத்துக்கிட்டவன். நல்லா டைவ் பண்றான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா இப்போ கூட்டாளிகளோட போட்டி. ஒருத்தன் 45 மீட்டர் போயிட்டு டைவ் கம்ப்யூட்டர் (கையில கட்டுற, ஆழம் காட்டுற கருவி) திரையை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கான். இவன் அந்த நம்பரையே பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பார்க்குறான். பொங்கல் கழிச்சு அந்தமான் போய் 60 தொடணுமாம்.

பொழுதுபோக்கு டைவிங்குக்கு 40 மீட்டர்தான் எல்லைன்னு அவனுக்கே தெரியும். 30 தாண்டினாலே நைட்ரஜன் போதை ஏறும். அந்த போதையிலதான் "நான் தெளிவா இருக்கேன்"னு தோணும். 57 மீட்டர் பக்கத்துல, மூச்சுல இழுக்கிற ஆக்சிஜனோட அழுத்தம் பாதுகாப்பு எல்லையான 1.4 பாரைத் தாண்டுது, அதுக்கு மேல ஆக்சிஜனே விஷமாகலாம். தண்ணிக்குள்ளயே வலிப்பு வந்து, வாயிலிருந்து ரெகுலேட்டர் (மூச்சு விடுற கருவி) நழுவினா அவ்வளவுதான்.

நான் சொன்னா "உனக்கு என்னக்கா தெரியும்"ங்குறான். 2014-ல அகமது கப்ர்ங்கிற எகிப்து டைவர் சாதனைக்காக 332 மீட்டர் போனதைக் காட்டுறான். அவர் சாதாரண காற்று இல்லாம, ஆழத்துக்குன்னே ஹீலியம் கலந்த கலவை வாயுவோட, பெரிய குழுவோட போனவர். மேல வரவே கிட்டத்தட்ட 14 மணி நேரம் ஆச்சு. அடுத்த வருஷம் அதை முறியடிக்கப் போன டாக்டர் கை கார்மன் திரும்பவே இல்ல. அந்தப் பேச்சை எடுத்தா எழுந்து போயிடுறான்.

டெக்னிக்கல் டைவிங் (பொழுதுபோக்கு எல்லையைத் தாண்டிப் போக தனிப் பயிற்சியோட பண்ற டைவிங்) பழகினவங்க யாராவது அவன்கிட்ட பேச முடியுமா? பயமுறுத்த வேண்டாம். பாதியில டைவை நிறுத்திட்டு மேல வந்த அனுபவம் இருந்தா அதைச் சொல்லுங்க. டைவர் பேச்சைத்தான் மதிப்பான். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. சென்னைன்னாலும் கூட்டிட்டு வர்றேன், உள்பெட்டியில எழுதுங்க.