குளித்து முடித்தால் கண்ணாடியில் முகமே தெரிவதில்லை, என்ன செய்யலாம்?

கேட்டவர்:
பத்து நிமிடம் வெந்நீரில் குளித்துவிட்டு ஷேவ் செய்ய நின்றால் கண்ணாடி முழுக்க வெள்ளை. துண்டால் துடைத்தால் ஒரு நிமிடம் தெரியும், மறுபடி மூடிக்கொள்ளும். ஷேவிங் நுரை தடவச் சொன்னார்கள், தடவினேன். கோடு கோடாக ஆனதுதான் மிச்சம். கார் மெழுகு பூசினேன், முன்பைவிட மோசம். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறது, சத்தம் நன்றாகவே வருகிறது. கதவு, ஜன்னல் எல்லாம் இறுக்கமாகச் சாத்தித்தான் குளிப்பேன். வேறு வழி உண்டா?

பதில்:
மெழுகை முதலில் கழுவி எடுங்கள். ஆவி நுண்துளிகளாகப் படிந்து ஒளியைச் சிதறடிப்பதால்தான் கண்ணாடி வெள்ளையாகிறது. சோப்போ நுரையோ ஈரம் படிவதைத் தடுக்காது. துளியாகத் திரளவிடாமல் மெல்லிய ஏடாகப் பரப்பிவிடும், அதன் வழியே முகம் தெரியும். மெழுகு நேர் எதிர், தண்ணீரை முத்து முத்தாகத் திரட்டும். காருக்கு நல்லது, உங்கள் முகத்துக்கு ஆகாது!

மெழுகு போனதும், காய்ந்த கண்ணாடியில் காய்ந்த சோப்புக்கட்டியால் லேசாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் கோடு மறையும்வரை துடையுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவிவிடாதீர்கள், பூச்சும் சேர்ந்து போய்விடும். சில நாள் தாங்கும், அப்புறம் திரும்பத் தடவ வேண்டும்.

இன்னொரு பதில்:
சோப்பு சரி, ஆனால் எனக்கு ஃபேன் மேல்தான் சந்தேகம். சத்தம் வந்தால் காற்று போகிறது என்று அர்த்தமில்லை. ஒரு டிஷ்யூ காகிதத்தை ஃபேன் சட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

எல்லாவற்றையும் சாத்திவிட்டால் உள்ளே காற்று வர வழி ஏது? வராத காற்றை ஃபேன் எப்படி வெளியே தள்ளும்? 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் ஈரத்தைத் தாங்கும், 20 டிகிரியில் 17 கிராம்தான். நிறைய ஈரம் ஏறிய காற்று குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டால் மிச்சம் அங்கேதான் இறங்கும். கதவடியில் ஒரு விரல் இடைவெளியாவது வேண்டும். குளிக்கப் போகும் முன்பே ஃபேனைப் போட்டு, முடித்தபின் இருபது நிமிடம் ஓடவிடுங்கள்.

மற்றொருவர்:
கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டும் சூடேற்றும் தகடு இருக்கிறது, விளக்கு சுவிட்சோடு இணைக்கலாம். ஒட்டிய பகுதியில் படியவே படியாது. ஆனால் எலக்ட்ரீசியன்தான் மாட்ட வேண்டும், ஈர இடம். ஹேர் டிரையரை உள்ளே கொண்டுபோகிற யோசனை வேண்டாம்.

கேட்டவர்:
டிஷ்யூ கீழே விழுந்துவிட்டது! மின்சாரத்தை அணைத்துவிட்டுக் கழற்றினேன். இறக்கைகளில் கம்பளி மாதிரித் தூசி, வெளிப்பக்க மூடி திறக்காமல் சிக்கிக்கொண்டிருந்தது. சுத்தம் செய்தபின் காகிதம் ஒட்டுகிறது. இரண்டு நாளாகப் பார்க்கிறேன், குளித்து முடிக்கும்போது ஓரங்களில் மட்டும் மங்கல், சீக்கிரமே தெளிந்துவிடுகிறது. சோப்பு இன்னும் தடவவில்லை. ஃபேன் பக்கத்து ஜன்னலையும் திறக்கட்டுமா?

இன்னொரு பதில்:
வேண்டாம். அதன் வழியே வரும் காற்றையே ஃபேன் திரும்ப இழுத்துக்கொள்ளும், ஷவர் பக்கத்து ஆவி அப்படியே நிற்கும். கதவடி இடைவெளி போதும்.

கேட்டவர்:
சரி. கீழ் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றன, அதுவும் துடைத்தால் போகுமா?

பதில்:
போகாது, பின்பக்க ரசம் அரித்துவிட்டது. இனி கண்ணாடியின் மேல் நேராகத் தெளிக்காமல் துணியில் நனைத்துத் துடையுங்கள், கீழ் விளிம்பில் தண்ணீர் தேங்காது.