மருமகள் புவியியல் படிக்கப் போகிறாளாம். விடலாமா?

கொட்டியாரத்தான்:
அக்காவின் மகள் உயர்தரத்தில் கலைப்பிரிவு, புவியியலில் ஏ. கம்பஸ், அதாவது பல்கலைக்கழகம், போய்ப் புவியியல் சிறப்புக் கற்கைதான் செய்வேன் என்று நிற்கிறாள். அத்தானோ, "மலையையும் ஆற்றையும் பாடமாக்கி என்ன செய்யப் போகிறாய், டவுனில் ஒரு ஐ.டி. டிப்ளோமாவைச் செய்" என்கிறார். இரண்டு வாரமாக வீட்டில் ஒரே சத்தம். நான் மருமகள் பக்கம்.

அத்தானுக்கு நான் எடுத்துச் சொன்ன ஆள் மார்ட்டின் டாட்ஜ், இங்கிலாந்துப் புவியியலாளர். 1990களின் கடைசியில் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் இருந்துகொண்டு, இணையத்தை யார் யார் எப்படியெல்லாம் படமாக வரைந்தார்களோ அத்தனையையும் தேடிச் சேர்த்தார். கடலடிக் கேபிள், நாட்டுக்கு நாடு போகும் தரவின் அளவு, இணையத்தளங்களின் இணைப்புக் காடு, எல்லாமே. 1969இல் இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வலையமைப்பு நாலே நாலு கணு (இணைப்பு இடம்) வைத்திருந்தபோது கையால் கீறிய படமும் அதில் அடக்கம். 2001இல் ராப் கிட்சினோடு சேர்ந்து 'அட்லஸ் ஆஃப் சைபர்ஸ்பேஸ்' என்ற நூலைக் கொண்டுவந்தார். அப்புறம் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2011இல் அதே கிட்சினோடு 'கோட்/ஸ்பேஸ்' என்ற நூல். கணினியும் இணையமும்தான் அவருடைய மலையும் ஆறும். அத்தான் கேட்டுவிட்டு, "அவன் வெள்ளைக்காரன்" என்றார். அதோடு சரி.

நிலாவெளிக் கோடர்:
அண்ணே, கோபிக்க வேண்டாம். உங்கள் சாட்சி அத்தானுக்குத்தான் சாட்சி சொல்கிறார். அந்த இணையப் படத் தொகுப்புத் தளம் 2004க்குப் பிறகு புதுப்பிக்கப்படவில்லை. 2018இல் அவர் வேறு இருவருடன் சேர்ந்து எழுதிய புத்தகம் எதைப் பற்றி? மான்செஸ்டர் நகரத்தின் பழைய காகிதப் படங்களைப் பற்றி! இணையத்துக்குப் படம் தேடியவரே காகிதத்துக்குத் திரும்பிவிட்டார்.

நாம் தினமும் பாவிக்கும் படங்களை யார் செய்தார்கள் என்றும் பாருங்கள். கூகுள் மேப்ஸ் ஆன மென்பொருளைத் தொடங்கியது ராஸ்முசென் சகோதரர்கள். 2004இல் யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை ஆரம்பித்தது ஸ்டீவ் கோஸ்ட். 1998இல் அமெரிக்காவின் பெல் லாப்ஸ் ஆய்வுகூடத்தில் இருந்துகொண்டு இணையம் முழுவதையும் தடம் பிடித்துப் பவளப்பாறை மாதிரி ஒரு படம் போட்டார்களே, செஸ்விக்கும் பர்ச்சும், அவர்களும் கணினிக்காரர்கள். டாட்ஜ் பெரும்பாலும் இவர்கள் சமைத்ததைப் பரிமாறியவர்.

உங்கள் பெயரைப் பார்த்ததும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 1660இல் திருகோணமலைப் பக்கத்து உங்கள் கொட்டியாரத்தில் பிடிபட்ட ஆங்கிலேயக் கடலோடி ராபர்ட் நொக்ஸ், கண்டி இராச்சியத்துக்கே படம் போட்டு 1681இல் தன் புத்தகத்தோடு வெளியிட்டார். எந்தக் கம்பஸில் புவியியல் படித்தார்?

கொட்டியாரத்தான்:
தம்பி, நொக்ஸ் படித்தது பத்தொன்பது வருடச் சிறையிருப்பில். மருமகளுக்கு நாலு வருடம் போதும்.

கணினியில் படம் என்ற யோசனையே உங்கள் ஆட்கள் வீட்டுச் சொத்து மாதிரிப் பேசுகிறீர்கள். 1959இலேயே வால்டோ டோப்ளர் கணினியால் படம் வரையலாம் என்று கட்டுரை எழுதிவிட்டார். அவர் புவியியலாளர். 1960களில் கனடா அரசு தன் நிலவளம் முழுவதையும் படத்தில் போட்டபோது, அத்தனை தாளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் கையால் அளக்க ஆளும் பணமும் காணாது என்று கண்டு கணினிக்குக் கொண்டுபோனவர் ரோஜர் டாம்லின்சன். அவரும் புவியியலாளர்தான். ஜி.ஐ.எஸ். (புவியியல் தகவல் முறைமை) என்று இன்று நீங்கள் விண்ணப்பத்தில் போடும் மூன்றெழுத்துக்கு வேர் அங்கே இருக்கிறது.

ஓய்வு பெற்ற சேவையர்:
இரண்டு பேரும் நிழலில் இருந்து பேசுகிறீர்கள். எங்கள் நில அளவைத் திணைக்களம் 1800இல் தொடங்கியது. கூகுளும் இல்லை, டாட்ஜும் இல்லை.

போன வருடம் ஒரு பொடியன் லாப்டொப்போடு வீட்டுக்கு வந்தான். குச்சவெளிப் பக்கம் ஒரு காணி. படம் திரையில் வரவில்லை, ஐயா பாருங்கள் என்றான். பார்த்தேன். காணி வங்கக் கடலுக்குள் இருக்கிறது. காரணம் சின்னது. எங்கள் பழைய கந்தவல ஆள்கூற்று முறையில் பீதுருதாலகாலை மலையில் உள்ள தொடக்கப் புள்ளிக்குக் கிழக்கிலும் வடக்கிலும் 200,000 மீட்டர் என்று எண் கொடுப்போம். 1999 முறையில் அதே இடத்துக்கு 500,000. இவன் புது எண்ணை எடுத்துப் பழைய முறைக்குள் போட்டிருக்கிறான். கிழக்கே 300 கிலோமீட்டர், வடக்கே 300 கிலோமீட்டர், காணி நீந்திப் போய்விட்டது. அந்தப் பிள்ளை மூன்று கணினி மொழி தெரிந்தவன். திறமைசாலி. எண் எந்த மலையில் இருந்து எண்ணப்படுகிறது என்று ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லை.

நிலாவெளிக் கோடர்:
ஐயா, அது லைப்ரரியில், அதாவது ஆயத்தமான நிரல் தொகுப்பில், ஒரு வரி. முறையின் இலக்கத்தைக் கொடுத்தால் தானாக மாற்றித் தரும்.

ஓய்வு பெற்ற சேவையர்:
எந்த இலக்கத்தைக் கொடுப்பது என்று லைப்ரரி சொல்லுமா தம்பி? இன்னொன்று. உருண்டைப் பூமியைத் தட்டையாக்க இணையப் படங்களில் உள்ள மெர்கேட்டர் முறையில் அப்படியே பரப்பு அளந்தால் எங்கள் அகலக்கோட்டில் 2 சதவீதம் அளவு கூடக் காட்டும். தென்னந்தோட்டத்துக்கு அது சண்டைக்குப் போதும். அந்த டாட்ஜ் போன மான்செஸ்டரில் அதே தவறு நிலத்தைக் கிட்டத்தட்ட மூன்று மடங்காக்கும். இது கணினிப் பாடமில்லை, புவியியல்.

ஆனால் புவியியல் பிள்ளைகளும் வெயிலில் நிற்பதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கிண்ணியா டீச்சர்:
ஐயா சொன்ன கடைசி வரி எனக்கும் சேர்த்து அடித்த அடி. வகுப்பில் 1:50,000 இடவிளக்கப் படத்தைச் சுவரில் மாட்டித்தான் இன்னமும் படிப்பிக்கிறேன்.

கோடர் தம்பிக்கு ஒன்று. 'கோட்/ஸ்பேஸ்' சொல்லும் விஷயம் நம்மூருக்கு அந்நியமில்லை. மென்பொருள் நின்றால் இடமும் நின்றுவிடும் சில இடங்கள் உண்டு என்கிறார்கள். அவர்கள் காட்டும் உதாரணம் விமான நிலையத்தில் பயணிகளைப் பதியும் பகுதி. கணினி விழுந்தால் அது ஆட்கள் குழம்பிப்போய் நிற்கும் வெறும் மண்டபம். எனக்கு அதை வாசித்தபோது விமான நிலையம் ஞாபகம் வரவில்லை. 2022 தட்டுப்பாட்டுக் காலத்துப் பெட்ரோல் செட்தான் வந்தது. எண்ணெய்ப் பங்கீட்டுக்கான கியூஆர் குறியீடு இல்லாதவனுக்குத் தாங்கி நிறைய எண்ணெய் இருந்தாலும் அது பெட்ரோல் செட் இல்லை. எங்கள் தெருவில் ஒரு மூத்தவர், ஸ்மார்ட்போன் கிடையாது, பேரன் எடுத்துக் கொடுத்த கியூஆரை லேமினேட் பண்ணிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் திரிந்தார். பேரன் இல்லாத மூத்தவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பதும் புவியியல்தான்.

பழைய காகிதப் படத்துக்குத் திரும்பியதைத் தோல்வி என்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. படம் போட்டவன் எதைப் போட்டான், எதை விட்டான் என்ற கேள்வியை அவர் கேபிளிடமும் கேட்டார், பஞ்சாலை நகரத்திடமும் கேட்கிறார். ஆள் மாறவில்லை.

நிலாவெளிக் கோடர்:
டீச்சர், கியூஆர் வந்த பிறகுதான் வரிசை குறைந்தது. நான் இரண்டு இரவு காருக்குள் படுத்தவன், எனக்குத் தெரியும். அந்தச் சிக்கலைத் தீர்த்தது கணினி நிரல். புவியியலாளர் பத்து வருடம் கழித்து வந்து அதைப் பற்றிக் கட்டுரை எழுதுவார்.

கிண்ணியா டீச்சர்:
குறைந்தது உண்மைதான். மறுக்கவில்லை. 'கோட்/ஸ்பேஸ்' மட்டும் அதற்குப் பதினொரு வருடம் முன்னால் வந்த புத்தகம், அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

கொட்டியாரத்தான்:
கேபிள் கதைக்கு வருகிறேன், எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல். உலகத்தின் நல்ல இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று நம்முடையது என்று சின்ன வயதில் இருந்து கேட்டு வளர்கிறோம். இலங்கைக்கு வரும் கடலடி இணையக் கேபிள்கள் கரையேறுவது எங்கே? கல்கிசை, கொழும்பு, மாத்தறை. திருகோணமலையில் ஒன்றுகூட இல்லை. ஐரோப்பாவில் இருந்து சிங்கப்பூர் போகும் பாதை தீவின் தெற்கால் போகிறது, கேபிளும் அப்படியே போகிறது. கப்பலுக்கு ஆழம் வேண்டும், கேபிளுக்குக் குறுக்குவழி வேண்டும். இதை எனக்கு விளக்கியவள் அந்த மருமகள். ஐ.டி. படித்த அவளுடைய அண்ணனுக்கு இந்தக் கேள்வியே வரவில்லை.

நிலாவெளிக் கோடர்:
நல்ல கேள்விதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்குச் சம்பளம் யார் கொடுப்பது? அத்தானின் பயம் அதுதானே. இங்கே புவியியல் சிறப்புப் பட்டம் முடித்தவர்களில் எனக்குத் தெரிந்த எல்லோரும் ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருக்கிறார்கள். டாட்ஜுக்குக் கிடைத்தது லண்டனில் ஓர் ஆய்வு மையம். நம் பிள்ளைக்கு?

கிண்ணியா டீச்சர்:
அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நானே அந்த நியமனத்துக்கு நாலு வருடம் காத்திருந்தவள். பட்டத்தோடு க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளைப் படிக்கட்டும், அது இலவசம். கொஞ்சம் பைதன் கணினி மொழியும் பார்க்கட்டும். ஆனால் மாற்றி வைத்து, கணினியைப் படித்துவிட்டுப் புவியியலைப் பிறகு பார்க்கலாம் என்றால் அந்தப் "பிறகு" வராது.

ஒரு சின்னப் பரீட்சை வைக்கிறேன், தம்பி நிலாவெளிக்காரர்தானே. உங்கள் கரையில் கரைவலைப் பாடுகள், அதாவது கரையில் நின்று வலை இழுக்கும் இடங்கள், எத்தனை, எது எங்கே முடிகிறது என்று ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் காட்டுங்கள் பார்ப்போம். செய்மதிப் படத்தில் மணல் மட்டும்தான் தெரியும். எல்லை சம்மாட்டிமாரின், அதாவது வலைக்காரர்களின், வாயில் இருக்கிறது. ஹோட்டல் ஒன்று வந்து வேலி போடும்போதுதான் அந்தக் கோடு எங்கே என்று எல்லோரும் கேட்பார்கள்.

நிலாவெளிக் கோடர்:
எங்கள் அப்பப்பாவுக்கு ஒரு கரைவலைப் பாட்டில் பங்கு இருந்தது. எது என்று எனக்குத் தெரியாது. சரி, இந்த ஒன்றில் மாட்டிக்கொண்டேன்.

ஆனாலும் பட்டம் பற்றிய என் கருத்து மாறவில்லை. பாடுகளின் எல்லையைக் கேட்டு எழுத ஒரு நோட்டுப் புத்தகமும் ஜி.பி.எஸ். உள்ள போனும் போதும். நாலு வருடம் தேவையில்லை.

கிண்ணியா டீச்சர்:
எழுதிய பிறகு அதை உலகம் பார்க்கப் போடுவதா வேண்டாமா? போட்டால் வேலி போடுகிறவருக்கும் அது தெரிந்துவிடும். அதை யோசிக்கத்தான் மிச்ச வருடங்கள்.

ஓய்வு பெற்ற சேவையர்:
பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை அனுப்புங்கள். பழைய சங்கிலி ஒன்றும் திசையறி கருவியும் இன்னும் வீட்டில் இருக்கிறது. உப்புவெளிக் கடற்கரையில் கால் மைல் அளந்து பார்க்கட்டும். அதற்குப் பிறகும் புவியியல் என்றால் விட்டுவிடுங்கள், கேட்க மாட்டாள். கோடர் தம்பியும் வரலாம். சங்கிலிக்கு இரண்டு பேர் வேண்டும்.

கொட்டியாரத்தான்:
நன்றி ஐயா. எல்லாவற்றையும் அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். கேபிள் கதைக்கு ஒன்றும் சொல்லவில்லை. காணி கடலுக்குள் போன கதைக்கு மட்டும் சிரித்தார். அப்புறம் ஒரே கேள்வி: "சேவையர் எவ்வளவு காசு எடுப்பார்?"

ஓய்வு பெற்ற சேவையர்:
காசு வேண்டாம். தொப்பி போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். காலை ஆறரை.