புதுப்பிப்பு: நெளிந்த ஓவியங்கள் சுவரேறிவிட்டன!

எங்கள் ஓவியக் குழுவின் நீர்வண்ணத் தாள்கள் அலைபோல் நெளிந்துவிட்டன, சமூக மன்றக் கண்காட்சிக்குள் சரியாகுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது! நனைத்து அழுத்தச் சொன்ன அக்காவுக்கு நன்றி. பின்பக்கத்தை லேசாக ஈரப்படுத்தி, வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கினோம். சிங்கப்பூர் ஈரப்பதத்துக்கு ஒரு நாள் போதவில்லை, இரண்டு நாள் ஆனது. இனி சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த பருத்தித் தாள்தான், நான்கு ஓரமும் பலகையில் ஒட்டிய பிறகே தூரிகை.

கண்காட்சிக்காக, லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவில், கெர்பாவ் சாலையில் 1900இல் கட்டிய, சீன வணிகர் டான் டெங் நியாவின் வீட்டை ஏழு பேர் வரைந்திருந்தோம். ஒரே வீடு, ஏழு விதப் பச்சை! "கெர்பாவ்னா மலாய்ல எருமை. இங்க மாட்டுப்பட்டி இருந்துச்சுன்னு எங்கப்பா சொல்லுவாரு," என்றார் பார்க்க வந்த பாட்டி ஒருவர். அடுத்து நான் வரையப்போவது அந்த மாட்டுப்பட்டியைத்தான்.